கசியாத பை

காலையில் கண் விழித்ததும் பிலோமினா குழாய்களை மோந்து பார்ப்பாள். அடுப்படிக் குழாய், குளியலறைக் குழாய், ஷவர் எல்லாவற்றின் வாயிலும் ஒரு ஜிப் பை கட்டியிருக்கும். உள்ளே பாதி அளவு வினிகர், கழுத்தில் பருத்திக் கயிறு. தூத்துக்குடியில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே காட்சிதான். கடல்நீரில் உப்பைப் பிரித்துச் சுண்ணாம்பைச் சேர்த்து அனுப்பும் தண்ணீர் குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும்; வினிகர் அதைக் கரைத்துவிடும். அது பையின் பாதி வேலை. மீதி வேலைக்காகத்தான் அவள் மோந்து பார்ப்பது. வீட்டுக்குள் வினிகர் வாடை அடித்தால் பையில் ஓட்டை. ஓட்டை விழுந்தால் உண்ணி வந்துவிட்டது.

நெகிழியுண்ணி என்பது அதன் முழுப்பெயர். கடலில் மிதக்கும் பிளாஸ்டிக் குப்பையைத் தின்னட்டும் என்று ஒரு தலைமுறைக்கு முன்னால் விஞ்ஞானிகள் வளர்த்துவிட்ட நுண்ணுயிர். குப்பையைத் தின்று தீர்த்தது, அதில் குறை சொல்ல முடியாது. பிறகு கரையேறியது. குடம், வாளி, சீப்பு, மின்கம்பியின் மேலுறை என்று ஊரை வழித்துத் தின்றது. ஒரு வீட்டில் புகை போட்டால் அடுத்த வீட்டுக்குப் போகும், அங்கே போட்டால் இங்கே வரும். ஜனங்கள் பித்தளைக்கும் மரத்துக்கும் மாறிப் பழகிக்கொண்டார்கள். உடம்புக்குள் பிளாஸ்டிக் வைத்திருந்தவர்களால்தான் பழக முடியவில்லை. பிலோமினாவின் கணவர் கித்தேரியனுக்கு இதயத்தில் பிளாஸ்டிக் வால்வு.

அதனால் காவல்பை வந்தது. தடுப்புத் துறை வாராவாரம் வீட்டுக்கு வீடு கொடுக்கும் மெல்லிய பை. உண்ணிக்கு அந்த மென்மை பிடிக்கும் என்பதால் வேறு எதையும் தொடுமுன் அதைத்தான் கடிக்கும். கட்டிய பையைக் கழுவக் கூடாது, துடைக்கக் கூடாது, கசிந்தால் உடனே சொல்ல வேண்டும் என்பது விதி. சொன்ன அன்றே, உடம்பில் பிளாஸ்டிக் வைத்திருப்பவரை உலர்நகருக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். வடக்கே எங்கோ மழை காணாத மலைமேட்டில் இருக்கிறது அந்த ஊர். அங்கே வால்வை உலோகத்தில் மாற்றுவார்கள், வரிசை வரும்போது. துணைக்கு ஆள் போக முடியாது. உண்ணியோடு புழங்கிய தோலையும் குடலையும் உலர்நகர் உள்ளே விடாது; நோயாளியை மட்டும் தனியே வைத்துச் சுத்திகரித்து எடுத்துக்கொள்ளும். போனவர்கள் குணமாகித் திரும்புவார்கள் என்று துறை சொன்னது. பிலோமினாவின் தெருவில் இன்னும் ஒருவரும் திரும்பவில்லை.

பிலோமினாவுக்கோ கை சும்மா இருக்காது. துடைத்த மேசையையே மறுபடி துடைப்பாள், விருந்தாளி எழுந்து போகுமுன் நாற்காலியைத் தட்டுவாள். பிசுபிசுவென்று ஒரு பை குழாயில் தொங்குவதை அவள் எப்படிப் பொறுப்பாள்? வெயில் ஏறினால் அவிழ்த்துவிடுவாள். உள்ளும் புறமும் திருப்பி வெந்நீரில் அலசி, மொட்டைமாடிக் கொடியில் கிளிப் போட்டு நல்ல வெயிலில் காயவைத்து, சாயங்காலம் திரும்பக் கட்டுவாள். அழுக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். புதுப் பைகள் மிச்சமாயின. அவற்றை மடித்து அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கி வைத்தாள். ஊரில் வருஷத்துக்கு ஒருமுறையாவது ஏறக்குறைய எல்லா வீட்டிலும் பை கசிந்தது. இவர்கள் வீட்டில் கசியவே இல்லை. பங்குக் கோயிலில் பெண்கள் அவளைக் கைராசிக்காரி என்றார்கள். அவள் சிரித்துக்கொண்டாள், ஆனால் ராத்திரி தூக்கம் மட்டும் சரியாக வரவில்லை.

துறையின் ஆய்வாளர் இசக்கியம்மை ஒரு நாள் காலை வந்ததும் அந்தக் கைராசியைப் பார்க்கத்தான். நாற்பது வயதுக்காரி, அதட்டாமல் பேசுகிறவள். குழாய்களைச் சுற்றிப் பார்த்தாள், பையை விரல் படாமல் உற்றுப் பார்த்தாள். புதுப் பை ஒன்று இருந்தால் கொடுங்கள், பக்கத்தில் கட்டி ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்றாள். ஒன்றா, நிறையவே இருக்கிறது என்று பிலோமினா பெருமையாக அலமாரியைத் திறந்தாள்.

அடுக்கு அடுக்காகத்தான் இருந்தது. கையை வைத்ததும் உதிர்ந்தது. மேலே இருந்த பை சல்லடையாக, நடுவில் இருந்தவை மாவாக, அடியில் வெறும் சாம்பல்நிறத் தூள். ஒரு நாளில் ஆகிற காரியமா அது? மாதக்கணக்காக உண்ணி வீட்டுக்குள் குடியிருந்திருக்கிறது. குழாயில் கட்டிய பையைக் கடிக்க வந்ததையெல்லாம் வெந்நீரும் வெயிலும் கொன்றுகொண்டே இருந்திருக்கின்றன. மிச்சம் எல்லாம் அலமாரிக்குப் போயிருக்கிறது. அலமாரிக்கு மட்டுமா போயிருக்கும் என்று நினைத்ததும் பிலோமினாவின் கண் உள்ளறைப் பக்கம் போனது.

கித்தேரியன் உள்ளறையிலிருந்து வந்து தூளைப் பார்த்தார்.

"பைய யாரு கழுவுனா?" என்றாள் இசக்கியம்மை.

"நாந்தான்," என்றாள் பிலோமினா. "அழுக்கா இருந்திச்சு."

சொன்னதும் அவளுக்கே அது பொய் என்று தெரிந்தது. கசிந்தால் இவரைக் கூட்டிப் போய்விடுவார்கள் என்ற பயம்தான். கசியாமல் பார்த்துக்கொண்டால் உண்ணியே வராது என்று அவள் கைகள் நம்பிவிட்டன.

"அடுப்படியில உள்ளது அவ கழுவுனது," என்றார் கித்தேரியன். "ஷவருல உள்ளத நான் குளிக்கும்போது கழுவிருவேன்."

பிலோமினா அவரைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாளும் ஷவர் பையை அவிழ்க்கும்போதெல்லாம் அது ஏற்கெனவே சுத்தமாக இருப்பதைக் கண்டு, பரவாயில்லையே என்று நினைத்திருந்தாள்.

இசக்கியம்மை கோபப்படவில்லை. உடம்பின் உள்ளே படம் காட்டும் ஒலிமானியை எடுத்து அவர் நெஞ்சில் வைத்துத் திரையைப் பார்த்தாள். வால்வின் ஓரம் பிசிறு பிசிறாக இருந்தது. உலர்நகருக்குப் போய்விட்டால் மாற்றிவிடலாம், அதுவரை வால்வு தாங்க வேண்டும், அவ்வளவுதான் சொல்வேன் என்றாள். பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"உங்களத் தனியா குத்தம் சொல்ல எனக்கு வாயில்லம்மா. இந்தத் தெருவுல பை கசியாத வீடு ரெண்டுதான். உங்க வீடு, எதிர்த்த வீடு. உள்ள பிளாஸ்டிக் வச்சிருக்க ஆளு இப்ப மிச்சம் உள்ளதும் இந்த ரெண்டு வீட்டுலதான். அங்கயும் போயிட்டுத்தான் வாரேன். கழுவல, மிச்சப் பையும் இல்லன்னு சொல்லிட்டாவ."

வண்டி மதியத்துக்குள் வந்துவிட்டது. கித்தேரியன் ஏறும்போது பிலோமினா அவர் கையைப் பிடிக்கப் போனாள். கூடாது என்று வண்டியோடு வந்த துறைக்காரர் தடுத்தார். அப்போதே பையைக் கசிய விட்டிருந்தால் நல்ல வால்வோடு போயிருப்பீர்களே, நான்தான் கெடுத்துவிட்டேன் என்று அவள் அழுதாள். கித்தேரியன் வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"போயிருப்பேன். போயி எந்தச் சொவரப் பாத்துக்கிட்டு கெடந்திருப்பேனோ," என்றார். "இவ்வளவு நாளு உன் மொகத்தப் பாத்தேன்லா."

அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. வண்டி திரும்பும்வரை நின்றாள். வீட்டுக்குள் போக மனம் வரவில்லை. நேராக எதிர்வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

மெர்சலின் பாதிக் கதவைத் திறந்தாள். உள்ளே அவள் ஐந்து வயது மகள் தரையில் சோழி உருட்டிக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்தே அந்தக் குழந்தையின் தலையில் நீர் சேரும்; மூளையிலிருந்து வயிறு வரை ஒரு பிளாஸ்டிக் குழாய் அதை வடிக்கிறது. உலோகத்தில் அதற்கு மாற்று கிடையாது. போனால் ஆயுளுக்கும் உலர்நகரிலேயே இருக்க வேண்டியதுதான்.

"பைய கழுவாத மெர்சலின்," என்றாள் பிலோமினா.

"நாங்க கழுவுறதில்லையே அக்கா."

அவள் கை முழங்கை வரை ஈரமாக இருந்தது. வினிகர் வாடை அடித்தது. நேற்று யாராவது வந்து கேட்டிருந்தால் பிலோமினாவும் இதே குரலில் இதையேதான் சொல்லியிருப்பாள்.

"அவுகளக் கூட்டிட்டுப் போயிட்டாவ. வால்வு பிஞ்சிருக்காம். பிள்ளைக்கு இன்னும் ஒண்ணும் ஆயிருக்காது. இன்னைக்கே சொல்லிரு. சொன்னா பொழச்சிருவா."

மெர்சலின் கதவைச் சாத்தப் போனாள். பிலோமினா நடுவில் காலை வைத்துக்கொண்டாள். இருவரும் கொஞ்ச நேரம் கதவின் இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு நின்றார்கள். பிறகு மெர்சலின் கையை எடுத்துவிட்டாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள், திரும்பத் துடைத்தாள்.

"ராத்திரி முழிச்சா என்னத் தடவிப் பாப்பா அக்கா," என்றாள். "அங்க யாரத் தடவுவா?"

பிலோமினா கதவிடுக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.