சொல்லிவிட்டுச் சுடுங்கள்

தளபதி அத்தை போர்க்களத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். ஒருநாள் வழியில் ஆற்றுப்பாலம் உடைந்து கிடந்ததாம். அத்தை வந்த வேகத்தில், பாலம் இல்லை என்பதை வண்டி கவனிப்பதற்குள் அக்கரைக்குப் போய்விட்டதாம். உள்ளே படுத்திருந்த காயக்காரர் ஒருவர், "பாலம் நல்லா வழவழன்னு இருக்கே, எப்போ கட்டுனாங்க?" என்று கேட்டாராம்.

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அவர்கள் திரும்ப என்னிடமே சொல்கிறார்கள். ஆகவே நடந்துதான் இருக்க வேண்டும்.

அவர் தளபதியும் இல்லை. ஓட்டுநராகப் போய் ஓட்டுநராகவே திரும்பியவர். பதவி உயர்வெல்லாம் எங்கள் தெரு கொடுத்தது. கொடுத்துவிட்டுத் தெரு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. அத்தையின் வீட்டுக்குப் போய்வந்தவள் ஒரே ஒருத்தி. எதிர்வீட்டு மிளகு.

மிளகு என்பது அவள் பெயர் இல்லை. அளவு அப்படி, காரமும் அப்படி. அவளுடைய அம்மா தையல் தொழிற்சாலையிலிருந்து வர இருட்டிவிடும். அதுவரை மிளகு மாடிப்படியில் உட்கார்ந்து, யாராவது ஏறி வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். பெரும்பாலும் ஒரு பூனைதான் வரும். அதுவும் இவளைப் பார்க்க வந்ததில்லை.

அவர்கள் இருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் டயர் கடை. லாரி டயரைச் சக்கரத்தில் மாட்டிக் காற்றடிக்கும்போது, அது சரியாகப் பொருந்தி உட்காரும் நொடியில் 'டமார்' என்று ஒரு சத்தம் வரும். சுவரில் மாட்டிய காலண்டர் ஒரு தேதி தள்ளிப் போய்விடும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாலை அப்படி ஒரு 'டமார்'. அத்தையின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. மிளகு எட்டிப் பார்த்தாள். அத்தை சாப்பாட்டு மேஜைக்கு அடியில் இருந்தார். இரண்டு கைகளும் தலையைப் பொத்தியிருந்தன.

"என்ன அத்தை பண்றீங்க?"

அத்தை கொஞ்சம் யோசித்தார். "ஸ்பூன் விழுந்துடுச்சு. தேடுறேன்."

மிளகும் மேஜைக்கு அடியில் நுழைந்தாள். இருவரும் ரொம்ப நேரம் தேடினார்கள். ஸ்பூன் எதுவும் விழவில்லை என்பது இருவருக்கும் தெரியும். அத்தை ஒரு கையால்தான் தேடினார். இன்னொரு கை தலையை விட்டு இறங்கவில்லை.

"சத்தம்னா பயமா அத்தை?"

"சத்தம் என்னடி பண்ணும்? சொல்லிட்டு வந்தா ஒண்ணுமில்ல. சொல்லாம வருது பாரு, அதுதான் ஆக மாட்டேங்குது." அத்தை குரலைத் தாழ்த்தினார். "யார்கிட்டயும் சொல்லிடாத."

"எதை?"

"ஸ்பூன் தொலைஞ்சதை."

மறுநாளிலிருந்து மிளகுக்கு ஒரு வேலை கிடைத்தது. டயர்க்கார அண்ணன் லாரிச் சக்கரத்தை உருட்டத் தொடங்கியதுமே படியேறி ஓடுவாள். கதவில் வாயை வைத்து, "அத்தை, சத்தம் வரப்போகுது" என்பாள்.

உள்ளிருந்து குரல் வரும். "வரட்டும்."

அதற்குப் பிறகு அத்தை மேஜைக்கு அடியில் போகவில்லை. மிளகும் படிக்கட்டில் உட்காரவில்லை. பூனைக்கு நிம்மதி.

பிறகு ஒரு நாள் அத்தை தூக்கத்திலேயே இறந்துபோனார்.

அடக்கம் செய்யும் இடத்தில், துக்கத்துக்கு வந்தவர்களைவிடச் சுட வந்தவர்கள் அதிகம். எங்கள் பக்கத்தில் மிளகு, அவள் அம்மா, டயர்க்கார அண்ணன், கட்டடத்துக் காவலாளி, நான். அந்தப் பக்கம் ஒரு வரிசைச் சிப்பாய்கள், ஓர் அதிகாரி. நடுவில், கொடி போர்த்திய பெட்டி.

"அம்மா, அவங்க எதுக்குத் துப்பாக்கி கொண்டு வந்திருக்காங்க?"

"வானத்தைப் பார்த்துச் சுடுவாங்கடி. மூணு தடவை. அத்தைக்கு மரியாதை."

மிளகின் முகம் மாறியது. "அத்தைகிட்ட சொல்லியாச்சா?"

"எதை?"

"சுடப் போறதை."

அம்மா அவள் தலையைத் தடவினார். "அவங்களுக்கு இனிமே எதுவும் கேக்காதும்மா."

மிளகு டயர்க்கார அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நீங்களாவது போய்ச் சொல்லுங்கண்ணே."

"போனவங்களுக்கு எதுக்குப் பாப்பா தகவல்?"

என்னையும் பார்த்தாள். எதைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருப்பவன் நான். அன்று என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏன் சொல்ல வேண்டும் என்று விளக்கினால் ஸ்பூன் விஷயம் வெளியே வந்துவிடும். விளக்காவிட்டால் யாருக்கும் புரியாது. பெட்டி அங்கே தனியாக இருந்தது. மிளகு எங்கள் நடுவிலேயே தனியாக நின்றாள்.

அதிகாரி உரக்க ஏதோ ஆணையிட்டார். துப்பாக்கிகள் எல்லாம் ஒன்றாக உயர்ந்தன.

மிளகு நடக்கத் தொடங்கினாள்.

"ஏய், எங்கடி போற?" என்றார் அம்மா. அவள் திரும்பவில்லை. நேராக அதிகாரியின் முன்னால் போய் நின்றாள். அவருடைய இடுப்புப் பட்டை அவள் மூக்குக்கு நேராக இருந்தது.

"சார், கொஞ்சம் பொறுங்க. சொல்லிட்டுச் சுடுங்க."

"யார்கிட்ட சொல்லணும்?"

மிளகு பெட்டியைக் காட்டினாள். வரிசையில் ஒரு சிப்பாய்க்குச் சிரிப்பு வந்தது. அதிகாரி திரும்பிப் பார்த்தார். வந்த சிரிப்பு வந்த வழியே போய்விட்டது.

"ஏன்னு கேக்கலாமா?" என்றார் அவர்.

"கேக்கலாம் சார். ஆனா நான் சொல்ல மாட்டேன்."

அதிகாரி பெட்டியைப் பார்த்தார். பிறகு மிளகைப் பார்த்தார்.

"எங்க அப்பாவும் போருக்குப் போனவர்தான்," என்றார் மெதுவாக. "எங்க வீட்ல யாரும் கதவை டப்புனு சாத்த மாட்டோம்."

பிறகு குனிந்து அவள் உயரத்துக்கு வந்தார்.

"நானே போய் அவங்ககிட்ட சொல்லட்டுமா?"

"உங்களை அவங்களுக்குத் தெரியாதே சார்."

"அதுவும் சரிதான்," என்று சொல்லி அவர் கையை அசைத்தார். துப்பாக்கிகள் கீழே இறங்கின.

மிளகு பெட்டியருகே மண்டியிட்டாள். கொடியின் ஓரத்தில் வாயை வைத்தாள்.

"அத்தை, சத்தம் வரப்போகுது. இது டயர் இல்ல, ரொம்பப் பெருசு. மூணு தடவை வரும். உங்களுக்கு மரியாதையாம்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அதிகாரி காத்திருந்தார். சிப்பாய்கள் காத்திருந்தார்கள். புல்லின் மேல் காற்று போவது கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை.

மிளகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அதிகாரியைப் பார்த்தாள்.

"வரட்டும்," என்றாள்.

அவர் அவளுக்கு ஒரு சல்யூட் வைத்தார். பிறகு ஆணையிட்டார்.

முதல் வெடியில் மேகம் ஒன்று பதறிப்போய் இடம் மாறி நின்றது. இரண்டாவதில், காவலாளியின் தொப்பி தலையிலிருந்து கிளம்பி ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்து உட்கார்ந்தது. மூன்றாவதில், வாழ்நாளெல்லாம் டமார் டமார் என்று பிழைத்த டயர்க்கார அண்ணன், காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுட்டவர்களிலேயே ஒருவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். எனக்கு என்ன ஆனது என்பதை விட்டுவிடுவோம்.

மிளகு பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. போர்த்திய கொடியில் ஒரு மடிப்புகூடக் கலையவில்லை.

அந்த இடத்தில் திடுக்கிடாமல் இருந்தவர் தளபதி அத்தை ஒருவர்தான்.