ஏழாங்கட்டைத் தோட்டத்தில் பிற்பகல் பெரட்டு

வாருங்கள், கண்ணுள்ளவர்கள் வந்து பாருங்கள்! மலேசியாவில், ஈப்போவிலிருந்து காம்பாருக்குப் போகும் பழைய சாலையோரம், சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில், 'பாரம்பரியத்தைப் போற்றுவோம்' என்று மும்மொழியில் பலகை நட்டிருக்கிறார்கள். அந்தப் பலகைக்குப் பின்னால், நாற்பத்தோரு பேர் புதைந்த இடுகாட்டை மட்டம் தட்டிக் கார் நிறுத்துமிடம் ஆக்குகிறார்கள். உழைத்தவர்களின் ரப்பர்ப் பால் வாளிக்குக் கண்ணாடிப் பெட்டி. உழைத்தவர்களுக்கு ரோட் ரோலர்! இந்த அநியாயத்துக்கு இருந்த ஒரே சாட்சி நவமணி. அன்று பிற்பகல் அவளுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்.

மழை விட்டு அரைமணி நேரம் ஆகியிருந்தது. தோட்டத்தின் பழைய ஆபீஸ் இப்போது காட்சிக்கூடம். அதைக் கூட்டிப் பெருக்கிப் பூட்டுவது நவமணியின் வேலை. கூரையின் கடைசிச் சொட்டும் நின்ற பிறகு, வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டிலிருந்து மட்டும், இரும்புக்குள் வண்டு அகப்பட்டதைப்போல ஒரு மெல்லிய ரீங்காரம் வந்துகொண்டே இருந்தது. காற்றில்லை. அடித்தவர் இல்லை. அவள் விரல் வைத்தாள், நின்றது. விரலை எடுத்தாள், தொடர்ந்தது.

அந்தக் காலத்தில் விடியுமுன் இந்தத் தண்டவாளம் ஒலித்தால், ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். தோட்டத்து எழுத்தரான கிராணி, ஆபீஸ் ஜன்னலுக்குள்ளிருந்து பெயர் கூப்பிடுவார். அதுதான் பெரட்டு. காய்ச்சலில் கிடப்பவனுக்காகப் பக்கத்தில் நிற்பவர் "இருக்கேன்" என்று குரல் கொடுப்பது வழக்கம். கிராணி தெரிந்தும் தெரியாததுபோல விட்டுவிடுவார். கட்டுப்பாடு ஒன்றே ஒன்று: குரல் கொடுத்தவர், வராதவனின் நிரையில் இறங்கி, அவன் பங்கு மரங்களில் பால் வெட்டி முடித்தாக வேண்டும். பதின்மூன்று வயதில் நவமணி, ஐயாவு என்ற தன் அண்ணனுக்காக எத்தனையோ விடியல்களில் குரல் கொடுத்தாள். ஒருநாள் அவன் காய்ச்சலிலிருந்து எழவே இல்லை. நாற்பத்தொன்றாவது குழி அவனுடையது.

காலையில், காட்சிக்கூடத்தை நடத்தும் கம்பெனியிலிருந்து பவித்ரன் தாளோடு வந்திருந்தான்.

"அக்கா, சும்மா ஒரு சைன் லா. நாப்பத்தொரு குழிக்கும் சொந்தம்னு சொல்ல ஆளில்லே, அவ்ளோதான். இங்க பழைய ஆளு நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க."

"எங்கண்ணன் அங்க கெடக்குறான் தம்பி."

"கெடக்கட்டும்கா. அவரு என்ன, பார்க்கிங் வேணும்னு கேக்கப் போறாரா?" சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். "சைன் வரலேன்னா பின்னால நீங்க இருக்கிற ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு மொதலாளி. அஞ்சு மணிக்கு ரோலர் வருது. நான் என்னக்கா பண்றது?"

தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் இடிந்து பத்தாண்டு ஆயிற்று. அந்த ஓர் அறையைத் தவிர அவளுக்குப் போக்கிடம் இல்லை. 'ஆளில்லை' என்ற சொல்லுக்குக் கீழே தன் பெயரை எழுதினாள்.

இப்போது நாலே முக்கால். ரீங்காரம் கனத்தது. குன்றின் மேல் மேகம் இறங்கி முற்றத்து வெளிச்சத்தைக் குடித்தது. எங்கிருந்தோ புளித்த ரப்பர்ப் பாலின் வாடை எழுந்து, அவள் நாவின் அடிவரை படிந்தது. அந்தப் பக்கம் பால் வெட்டி இருபது வருடம்.

டங்.

டங்.

டங்.

நவமணி படியில் நின்றபடி இடுகாட்டைப் பார்த்தாள். மட்டம் தட்டிய செம்மண்ணில் காலடிச் சுவடுகள். வெறுங்கால்கள். ஜோடி ஜோடியாக, நான்கு வரிசை. குதிகால்கள் ஆழப் பதிந்திருந்தன. விரல்கள் எல்லாம் ஆபீஸை நோக்கி இருந்தன. நடந்து வந்த தடம் ஒன்றுகூட இல்லை. நிற்கும் தடம் மட்டும்.

அவளுக்குப் பின்னால், பூட்டியிருந்த ஜன்னலுக்குள், ஏடு புரளும் ஒலி, பிறகு கிராணியின் குரல்.

"உடையப்பன்!"

"இருக்கேன்." மண்ணுக்குள்ளிருந்து வந்தது.

"பாப்பா!"

"இருக்கேன்."

பெயர் பெயராக. பதில் பதிலாக. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு ஜோடிச் சுவட்டில் நீர் கலங்கிற்று. நாற்பது பெயர்கள் முடிந்தன.

"ஐயாவு!"

பதில் இல்லை. கடைசி வரிசையின் ஓரத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது.

"ஐயாவு!"

அவள் வாயைப் பொத்தினாள். ஆனால் அறுபது வயது உடம்புக்குள் பதின்மூன்று வயது நாக்கு விழித்துக்கொண்டிருந்தது. அண்ணனுக்குப் பெயர் தவறிவிடக்கூடாது என்ற பழைய பதற்றம் விரலிடுக்கு வழியே கசிந்தது.

"இருக்கேன்."

ஏடு மூடியது.

அவள் படியில் இல்லை. கடைசி வரிசையின் அந்தக் காலி இடத்தில், காலடியில் சில்லென்று மண். இரண்டு பக்கமும் யாரோ மூச்சுவிடும் சூடு. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. கணுக்கால்வரை செம்மண். பிறகு முழங்கால்.

"நவமணி!" என்றது ஜன்னல்.

அவள் வாயைத் திறந்தாள். மண்.

"இருக்கேன்."

அவள் குரல். படியிலிருந்து. அவளுடைய நீலச் சீருடையில், சாவிக்கொத்தை இடுப்பில் செருகியபடி, ஒருத்தி வாசலைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

பவித்ரனின் கார் வந்து நின்றது. பின்னாலேயே ரோலர்.

"எல்லாம் ஓகேதானே அக்கா? அந்தப் பக்கம் யாரும் இல்லியே?"

மண்ணில் நின்ற நவமணி கத்தினாள். தொண்டையில் புளித்த பால். இடுப்புவரை மண்.

படியில் நின்றவள் இடுகாட்டைப் பார்த்தாள். அந்த முகத்தில் அண்ணனின் கண்கள்.

"ஆளில்லே தம்பி. ஏத்தச் சொல்லு."

ஈர உருளை முதல் வரிசையில் ஏறியது. யாரும் விலகவில்லை. எல்லா முகங்களும் ஆபீஸைப் பார்த்தே நின்றன. இரண்டாவது வரிசை. மூன்றாவது. மார்புவரை புதைந்த நவமணியின் மேல் அந்த நிழல் விழுந்தது.

தமிழர்களே! இதைப் படித்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். உங்கள் ஊர்த் தோட்டத்து இடுகாட்டுக்கு இன்றே போங்கள். அங்கே படுத்திருப்பவர்களின் பெயர்களை ஊர் கேட்க உரக்கச் சொல்லுங்கள். 'ஆளில்லை' என்று எழுதிய தாளை எவர் நீட்டினாலும் அவர் முன்னாலேயே அதைக் கிழித்தெறியுங்கள். உருளையின் முன்னே போய் நில்லுங்கள்.