வலை முகம்

மூக்குத்தியைக் கழற்றச் சொன்னபோது ஜெயலட்சுமிக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஸ்கேன் என்றால் உடம்பில் நகை கூடாது என்று அவளுக்கும் தெரியும். ஆனால் கணவர் சுந்தரமூர்த்தி தானாகவே கையை நீட்டி அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவளுடைய கைப்பையையும் தோளில் மாட்டிக்கொண்டாரே, அதுதான் உறுத்தியது. கல்யாண வீட்டில்கூட அந்தப் பையை ஒரு நிமிடம் பிடிக்காத மனிதர். லிங்கராஜபுரத்து வீட்டிலிருந்து வந்த வழியெல்லாம் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"சைனஸ்தான் ஜெயா. ஒரு ஸ்கேன், அவ்ளோதான்."

உடை மாற்றும் அறையில் சேலையைக் கழற்றி வைத்துவிட்டு, ஆஸ்பத்திரி அங்கியோடு அவள் உள்ளே போனாள். ஸ்பிரிட் வாடையும் ஏசியின் குளிரும் கலந்த அந்த அறையில் மெத்தையில்லாத தட்டைப் பலகையில் படுக்கவைத்தார்கள். சுவர்களிலிருந்து சிவப்பு ஒளிக்கோடுகள் கிளம்பி அவள்மேல் குறுக்கும் நெடுக்குமாக விழுந்தன. டெக்னீஷியன் அம்ருதா வெந்நீர்த் தொட்டியிலிருந்து ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வலையை எடுத்தாள். அது நனைந்த அப்பளம்போலத் துவண்டது.

"இது எதுக்கும்மா?"

"டெய்லி நீங்க ஒரு நூல்கூட நகராம இதே மாதிரி படுக்கணும் இல்லையா ஆன்டி? அதுக்குத்தான் இப்ப அளவு எடுக்கறோம். மாஸ்க் இங்கேயே இருக்கும்."

"டெய்லியா?"

அம்ருதா கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்ற சுந்தரமூர்த்தியைப் பார்த்தாள். சட்டென்று பேச்சை மாற்றினாள்.

"மொதல்ல சூடா இருக்கும், அப்புறம் இறுகிடும். மூச்சு தாராளமா விடலாம். அல்லாடபேடி ஆன்டி, அசையாதீங்க. பேசவும் கூடாது."

வலை முகத்தில் படிந்தது. வெந்நீர் காதோரம் வழிந்தது. விரல்கள் மூக்கையும் தாடையையும் அழுத்தி அழுத்தி அச்செடுத்தன. ஓரங்கள் பலகையில் டக், டக்கென்று பூட்டிக்கொண்டன. சூடு ஆற ஆற அது இறுகியது. அம்ருதா அதன்மேல் ஏதோ குறியிட்டு, ஸ்கேனில் அடையாளம் தெரிவதற்கான சிறு உலோக மணிகளை ஒட்டிவிட்டு வெளியே போனாள். கனமான கதவு மூடிக்கொண்டது. பலகை ஸ்கேன் மெஷினின் வளையத்துக்குள் நகர்ந்தது; உறுமல் கேட்டது; பலகை திரும்பி வந்தது.

பிறகு யாரும் வரவில்லை.

தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கர் கரகரத்தது. வெளியே மைக்கை அணைக்க மறந்துவிட்டார்கள்.

"கேன்சர்னு அவளுக்குத் தெரியவே கூடாது டாக்டர். தாங்க மாட்டா. புள்ளைங்க, அவ தங்கச்சி, எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

எல்லாரும். நேற்று ராத்திரி சாம்பார்ப் பொடியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிய தங்கையும்.

நோயைவிட அதுதான் சுட்டது. என் உடம்பு. என் சாவு. எனக்கு மட்டும் ரகசியமா? கத்த வாயெடுத்தாள். தாடை அசையவில்லை. மூச்சு மட்டும் வலைக்கண்களில் சீறியது.

"ஏங்க, முடிஞ்சுதா? போலாமா?"

ஸ்பீக்கரில்தான். அவளுடைய சொந்தக் குரல்.

"ஆச்சும்மா. வெறும் சைனஸ்தான்."

"நான்தான் சொன்னேனே. நீங்கதான் பயந்தீங்க."

சிரிப்பு. அவளுடைய சிரிப்பு.

கண்ணை மட்டும் உருட்ட முடிந்தது. உருட்டினாள். கண்ணாடிக்கு அப்பால் அவள் கழற்றி வைத்த மாம்பழ நிறச் சேலை. அதை உடுத்தி நின்றவளின் முகமும் ஜெயலட்சுமியின் முகமேதான்; அதில் ஒரு கவலையும் இல்லை. எதுவும் தெரியாத முகம்.

சுந்தரமூர்த்தி சட்டைப் பைக்குள் கையை விட்டார். நின்றார். கண்ணாடி வழியே பலகையைப் பார்த்தார்.

என்னங்க. இங்க. நான் இங்க.

பார்த்தார். நன்றாகவே பார்த்தார். அவள் கண்களை.

பிறகு திரும்பி, மூக்குத்தியை மற்றவளுக்குப் போட்டுவிட்டார். கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு அவளை அழைத்துப் போனார்.

விளக்கு அணைந்தது. சிவப்புக் கோடு மட்டும் அணையவில்லை. வலையின் மேல், மூக்குத்தி இருந்த இடத்தில், அது அசையாமல் நின்றது.