பன்னிரண்டு தபால்காரர்களும் பாக்கெட்டும்

"அப்பா, இந்தக் கால்சட்டையில கையை எங்கே விடுறது?"

கேட்டவள் ஏன்குட்டி. எதைப் பார்த்தாலும் ‘ஏன்?’ என்று கேட்பதால் வீட்டில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுடைய அம்மா துணி வெட்டுவார், அப்பா தைப்பார்.

பத்து மணிக்குப் பள்ளியில் நாடகம். பன்னிரண்டு தபால்காரர்கள் மேடையில் வரிசையாக நின்று, பாக்கெட்டிலிருந்து ஒரே நேரத்தில் கடிதம் எடுக்க வேண்டும். ஏன்குட்டியும் அவர்களில் ஒருத்தி.

பன்னிரண்டு கால்சட்டைகளும் தயார். ஒன்றில்கூடப் பாக்கெட் இல்லை!

"நான் வெட்டிக் கொடுத்தேனே, எங்கே வெச்சீங்க?" என்றார் அம்மா.

அப்பா பதறி எழுந்தார். அம்மா நாற்காலியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். இருபத்துநான்கு பாக்கெட் துண்டுகளும் மெத்தை போல அதன்மேல் கிடந்தன.

"அதான் இன்னிக்கு முதுகே வலிக்கலை!" என்றார் அப்பா பரிதாபமாக. "மணி ஒன்பது. இனி எல்லாத்தையும் பிரிச்சுத் தைக்க முடியாது. டீச்சர் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"அப்பா, பாக்கெட்டை ஏன் உள்ளேதான் தைக்கணும்?"

"ஆரம்பிச்சுட்டா!"

"நிஜமாத்தாம்பா! அகராதியில படிச்சேன். முன்னாடி ஆங்கிலத்துல ‘போக்’னா பை, ‘பாக்கெட்’னா குட்டிப் பை. அந்தக் காலத்துப் பெண்கள் அதைத் தனியா நாடா வெச்சு இடுப்புல கட்டிக்கிட்டாங்களாம். அப்புறம்தான் அது துணிக்குள்ள குடிபோச்சு."

அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாடாவை எடு!" என்றார் அப்பா.

இரண்டு துண்டுகளுக்கு ஒரு பை. இயந்திரம் கடகடவென்று ஓடியது. அம்மா நாடா நறுக்கினார். ஏன்குட்டி நூல் பிசிறுகளை வெட்டினாள். பத்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போது பன்னிரண்டாவது பையும் முடிந்தது.

மேடையில் தபால்காரர்கள் கம்பீரமாக நின்றார்கள். கடைசியில் நின்ற பொடியன் மட்டும் அவசரத்தில் பையை முதுகுப் பக்கம் கட்டியிருந்தான். கடிதத்தை எட்டிப் பிடிக்க, வாலைத் துரத்தும் நாய்க்குட்டி போலச் சுற்றினான். சபை கொல்லென்று சிரித்தது. பொடியன் உதடு பிதுங்கியது.

பக்கத்தில் நின்ற ஏன்குட்டி சட்டென்று அவன் பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து அவனிடமே நீட்டினாள்.

"சார், உங்களுக்குத் தபால்!"

பொடியன் சிரித்துவிட்டான். கைதட்டல் கூரையைத் தொட்டது.

டீச்சர் அப்பாவிடம் ஓடிவந்தார். "பையை வெளியே கட்டினது பிரமாதம்! அசல் தபால்காரங்க மாதிரியே இருக்கு!"

அப்பா அடக்கமாகத் தலையைச் சொறிந்தார். தைக்க மறந்ததற்குப் பாராட்டு வாங்கிய தையல்காரர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.