ஸ்ரீமதியின் மின்னஞ்சலைப் பிடித்து வைத்தது யார்?

மாவட்ட அறிவியல் போட்டிக்கு வந்து சேர்ந்த கட்டுரைகள் மொத்தம் நாற்பது. பட்டியலில் ஏழாம் வகுப்பு ஸ்ரீமதியின் பெயரைக் காணோம்! சோப்பு நுரை அருவித் தண்ணீரை என்ன செய்கிறது என்று குற்றாலத்தில் ஒரு மாதம் அலைந்து எழுதிய கட்டுரை. இன்று ஐந்து மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள்.

"விடுட்டி, அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்" என்றார் அப்பா சண்முகநாதன். குற்றாலத்தில் தங்கும் விடுதி நடத்துகிறவர்.

"முடியாதுப்பா. திங்கக்கிழமையே அனுப்பியாச்சு. எங்கன போச்சுன்னு பாத்தே தீரணும்."

சொன்னால் சொன்னதுதான். நாலரை மணிக்கு இருவரும் தென்காசியில், போட்டி அலுவலகத்தில் நின்றார்கள்.

கணினியைக் கவனிக்கும் உமாராணி அக்கா தேடிப் பார்த்தார். "இந்தா இருக்கு! சந்தேகமான மெயில்னு பாதுகாப்பு மென்பொருள் தனியா பிடிச்சு வச்சிருக்கு. புளியறை செக்போஸ்ட்ல லாரிய ஓரங்கட்டுத மாதிரி."

"எம் மெயில்ல என்னக்கா சந்தேகம்?" ஸ்ரீமதிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"நீயே பாரு."

அவள் அப்பாவின் மின்னஞ்சலிலிருந்து அனுப்பியிருந்தாள். அப்பா நிரந்தரமாகப் போட்டு வைத்திருந்த வரிகள் அடியில் தானாக ஒட்டிக்கொண்டிருந்தன: "சாரல் விழுந்தாச்சு! சில அறைகளே மிச்சம்! உடனே இங்கே அழுத்துங்கள்!"

"இத எத்தன பேருக்குப்பா அனுப்புனீங்க?"

"சீசனுக்கு ஒரு அறுநூறு பேருக்கு இருக்கும்." அப்பா கூரையைப் பார்த்தார். "அதான், இதையும் விளம்பர மெயில்னு நெனச்சுப் பிடிச்சிருக்கு" என்றார் உமாராணி.

போதாக்குறைக்கு, யாரும் காப்பியடிக்கக் கூடாதென்று ஸ்ரீமதியே கோப்புக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தாள். பூட்டிய கோப்பை மென்பொருள் எப்படிச் சோதிக்கும், பாவம்!

"சின்னப்பிள்ள கட்டுரைதான? அப்படியே உள்ள விடுங்கம்மா" என்றார் அப்பா.

உமாராணி அடுத்த வரியைக் காட்டினார். 'உங்களுக்குப் பரிசு!' என்று ஒரு மின்னஞ்சல். அதிலும் பூட்டிய கோப்பு. "இப்படிப் பூட்டித்தான் வைரஸ உள்ள வச்சு அனுப்புவாங்க அண்ணாச்சி. தெரியாமத் திறந்தா நாப்பது பிள்ளைங்க கட்டுரையும் போயிரும். சோதிக்காம எதையும் விட மாட்டேன்."

"விட வேண்டாம்க்கா" என்றாள் ஸ்ரீமதி சட்டென்று. "கட்டுரை எங்க பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்ல இருக்கு. டீச்சர்ட்ட சொல்லி பள்ளிக்கூட மெயில்ல இருந்து, பூட்டு இல்லாம அனுப்பச் சொல்லுதேன். அப்போ சோதிக்கலாம்லா?"

"தாராளமா!"

அப்பாவின் போனை வாங்கி, இலஞ்சியில் இருக்கும் தன் பள்ளிக்கு அழைத்தாள். நல்லவேளை, வள்ளித்தாய் டீச்சர் இன்னும் பள்ளியில்தான் இருந்தார். "ஒரு நிமிசம் இரு, இப்பவே அனுப்புதேன்!"

நாலு ஐம்பத்து மூன்று. திரையில் சோதனை நடந்துகொண்டிருந்தது. ஸ்ரீமதி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு குறையும் இல்ல. உள்ள வந்துட்டு! நாப்பத்தொண்ணாவது கட்டுரை உன்னோடதுதான்!"

ஸ்ரீமதி குதித்த குதியில் நாற்காலி உருண்டுபோய் அப்பாவின் முழங்காலில் இடித்தது. அவர் வலியை மறந்து கைதட்டினார்.