அப்பச்சனின் ரிமோட்

அம்மா பக்கத்தில் படுத்திருக்கிறாள். அதனால்தான் போனில் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறேன், ஷைனி. சிரிக்காமல் கேள்.

எங்கள் தெருவில் 'பாலக்குன்னில்' என்று ஒரு வீடு இருக்கிறதே, அங்கேதான் அம்மா பெருக்கித் துடைக்கப் போவாள். அந்த வீட்டு மகன் ரெஜி அச்சாயன் டப்ளினில் இருக்கிறார். கதவுகளில், அறைகளில், படிக்கட்டில் எல்லாம் கம்பியில்லாத சென்சார் ஒட்டி, அங்கிருந்தே போனில் வீட்டைக் காவல் காத்தார். யாராவது நடந்தால் செய்தி வரும். அலாரம் போட்டால் வெளிக்கதவுகளும் தானாகப் பூட்டிக்கொள்ளும். அம்மாவுக்கு அதெல்லாம் வராது என்று என் போனிலும் போட்டுக்கொடுத்திருந்தார்.

அங்கே தனியாக இருந்தவர் அவருடைய அப்பா, இட்டி அப்பச்சன். கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு ஒரு சின்ன ரிமோட் தொங்கும். இரவில் அலாரம் போடுவார், சிவப்பாக மின்னும். காலையில் எடுத்துவிடுவார், பூட்டு திறந்து பச்சையாகும். ஒவ்வொரு தடவையும் அவர் பெயரோடு எனக்குச் செய்தி வரும்.

அம்மா கிளம்பும்போதெல்லாம் அந்த ரிமோட்டைத் தூக்கிக் காட்டுவார்.

"சூசம்மே, அதுக்குள்ள போறியா? இரு, அலாரம் போட்டுடறேன். நீ எப்படிப் போறேன்னு பாக்கறேன்."

"போடுங்க, போடுங்க. அப்புறம் எனக்கும் சேத்து நீங்கதான் சோறு வடிக்கணும்."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுவாள். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்பார்.

மழைக்காலத்தில் அப்பச்சன் இறந்தார். மகன் வரும்வரை ஆஸ்பத்திரி ஃப்ரீசரில் வைத்திருந்தார்கள். வந்த அன்றே அடக்கம். கோட்டு போட்டு, கழுத்துவரை பட்டன் மாட்டி, கையில் சிலுவை கொடுத்து, பூவால் மூடி. குடும்பக் கல்லறைக்கு சிமெண்ட் பூசி முடித்த பிறகுதான் ரெஜி அச்சாயனுக்கு நினைவு வந்தது. சங்கிலியைக் கழற்றவில்லை.

"போகட்டும்டி டின்சி. அந்த ரிமோட்டையே லிஸ்ட்லேருந்து தூக்கிட்டேன். இனிமே அது வெறும் பிளாஸ்டிக்."

அவர் டப்ளினுக்குத் திரும்பிப் போன மறுநாள் காலை என் போன் அதிர்ந்தது.

அப்பச்சன் அலாரத்தை எடுத்தார்.

அவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "பழைய மெசேஜா இருக்கும். பேய் படம் பாக்கறதைக் குறை" என்றார். இரவில் போட்டார் என்று வந்தது. காலையில் எடுத்தார் என்று வந்தது. நான் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

நேற்று மத்தியானம் நல்ல மழை. ஆள் இல்லாத வீடானாலும் அம்மா வழக்கம்போல அங்கே துடைக்கப் போனாள். அவள் உள்ளே போவதற்காக நான் ட்யூஷனிலிருந்தே அலாரத்தை எடுத்துவிட்டு பஸ் ஏறினேன். பாலம் தாண்டுவதற்குள் செய்தி.

அப்பச்சன் அலாரம் போட்டார். வீட்டில் ஆள் இருக்கிறார்கள்.

அது உள்ளே ஆள் இருக்கும்போது போடும் வகை. உள்ளே எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். வெளியே போகத்தான் முடியாது.

நான் எடுத்தேன்.

உடனே திரும்பப் போடப்பட்டது.

அம்மாவைக் கூப்பிட்டேன்.

"எங்கம்மா இருக்க?"

"அடுக்களைல. ஏன்டி, பஸ்ஸு கிடைக்கலியா?"

"மாடில யாராவது இருக்காங்களா?"

"மாடி பூட்டியிருக்கு. மரநாய் வேணா இருக்கும்."

காதில் வைத்திருந்த போன் அதிர்ந்தது, செய்தி: மாடி அறை, அசைவு.

"அம்மா, வெளிய வா. எதுவும் கேக்காத. வா."

படிக்கட்டு, அசைவு.

அடுக்களைக் கதவை அவள் இழுக்கும் சத்தம் கேட்டது. "திறக்கலடி. நீ அதுல அமுக்கு."

அமுக்கினேன். கதவு கிளிக் என்றது. அவள் இழுப்பதற்குள் மறுபடி கிளிக். அமுக்கினேன். கிளிக். கிளிக். பஸ்ஸில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். கண்டக்டர் "என்ன மோளே?" என்று கேட்டார். என்னவென்று சொல்வேன்?

கூடம், அசைவு.

"டின்சி." அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "தைல வாசன வருது. அவர் முட்டிக்குத் தேப்பாரே, அது."

அடுக்களை, அசைவு.

மூச்சு மட்டும் கேட்டது. அவளுடையதா என்று தெரியவில்லை.

பிறகு அம்மா பேசினாள். என்னிடம் இல்லை.

"இல்ல அப்பச்சா. நான் எங்கயும் போகல."

லைன் அறுந்தது.

பக்கத்து வீட்டுத் தங்கச்சன் சேட்டனுக்குப் போன் அடித்துச் சொன்னேன். அவர் கடப்பாரையோடு போய்க் கதவைப் பெயர்த்தார். நான் ஓடிப் போனபோது அம்மா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் இரண்டு தட்டு. இரண்டிலும் சோறு, ஆவி பறந்தது. அம்மா எப்போதும் எங்கள் வீட்டில் சமைத்துவிட்டுத்தான் அங்கே போவாள். அப்பச்சன் போன பிறகு அந்த வீட்டில் அரிசியே கிடையாது.

ரெஜி அச்சாயனுக்குப் போன் போட்டோம். "எல்லாத்தையும் பிச்சு எடுங்க" என்றார். தங்கச்சன் சேட்டன் சென்சார்களைப் பெயர்த்து, பேட்டரியை உருவி, அட்டைப்பெட்டியில் போட்டு ஆற்றில் விட்டுவிட்டார். நான் போனிலிருந்து அந்த ஆப்பை அழித்தேன்.

அம்மா அப்போதிலிருந்து பேசவில்லை. வலது கையை மூடியே வைத்திருக்கிறாள். திறக்கப் பார்த்தேன், முடியவில்லை. டாக்டர் "பயத்துல இறுகியிருக்கு, தூங்கினா தானா விட்டுடும்" என்றார். அவள் நகக்கண்ணெல்லாம் சிமெண்ட் தூள்.

எங்கள் வீட்டில் சென்சார் ஏது, ஷைனி? கதவுக்கு மரத் தாழ்ப்பாள்தான்.

உன்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் போன் அதிர்ந்தது. அதனால்தான் கூப்பிட்டேன்.

அப்பச்சன் அலாரம் போட்டார். வீட்டில் ஆள் இருக்கிறார்கள்.

தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டேன். அசையவில்லை.

லைட் போட பயமாக இருக்கிறது. போடவும் தேவையில்லை. அம்மாவின் மூடிய விரல்களுக்கு நடுவிலிருந்து சிவப்பாக வெளிச்சம் வருகிறது.