கீறல் விழாத கதவு

பூனையின் பெயர் உப்புத்தாள்.

மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்குவதற்கு அப்பா பட்டறையில் ஒரு சொரசொரப்பான தாள் வைத்திருந்தார். அதற்கும் அதுதான் பெயர். குட்டியாக வந்த அன்றே பூனை அப்பாவின் குதிகாலை நக்கியது. "யம்மாடி! நாக்கா இது? உப்புத்தாளால்ல இருக்கு!" என்று அப்பா துள்ளிக் குதித்தார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

கூப்பிடும்போது வெறும் உப்பு. மாடிப்படியில் நின்று "உப்பு! உப்பு!" என்று கத்தினால், பக்கத்து வீட்டு அக்கா கிண்ணத்தோடு எட்டிப் பார்ப்பாள். "எவ்வளவு வேணும்?"

அதெல்லாம் பழைய வீட்டில்.

புது வீட்டில் உப்புவுக்கு ஒரே வேலைதான். வாலுவை நக்குவது.

வாலுவுக்குப் பத்து வயது. பள்ளியில் அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. வீட்டில் யாரும் அதைத் தொட்டதில்லை. அவள் பாடம் எழுத உட்கார்ந்தால் உப்பு மடியில் ஏறிவிடும். இடது மணிக்கட்டை இரண்டு முன்னங்கால்களாலும் பிடித்துக்கொள்ளும். சரக், சரக், சரக். கணக்குப் பாடம் முடிந்தாலும் உப்புவின் பாடம் முடியாது.

முதலில் கூச்சமாக இருந்தது. அப்புறம் எரிந்தது. ஒருநாள் சாப்பிடும்போது அம்மா அந்தக் கையைப் பார்த்துவிட்டாள்.

"என்னடி இது? தோலே உரிஞ்சுபோச்சு!"

"கொஞ்சம்தாம்மா."

"கொஞ்சமா? இன்னும் ரெண்டு நாள் விட்டா எலும்பே தெரியும்."

அம்மா எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். ஆனால் அடுத்துச் சொன்னதை அளவாகச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை சித்தி வரா. உப்புவை அவளோட அனுப்பிடலாம். அவ மாவு மில்லுல எலி நிறைய. அதுக்கும் பொழுது போகும்."

வாலு பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவினாள்.

மறுநாள் அண்ணனோடு பூனையைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனாள். அவர் உப்புவின் வாயைத் திறந்து பார்த்தார். காதைத் திருப்பிப் பார்த்தார். உப்பு அவருடைய கட்டைவிரலை நக்கிப் பார்த்தது.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. தனக்குப் பிடிச்சவங்களைப் பூனை இப்படித்தான் குளிப்பாட்டும். ஆனா இது அளவுக்கு மீறி இருக்கு. மனசுல ஏதோ கவலை போல. நக்கினா திட்டாத, தள்ளியும் விடாத. கையை மெதுவா எடுத்துட்டு எழுந்து போயிடு. கொஞ்ச நேரம் கழிச்சு விளையாட்டுக் காட்டு. புண்ணை மட்டும் நக்கவே விடக் கூடாது. கழுவி, துணி சுத்தி வை."

"என்ன கவலைன்னு கண்டுபிடிக்க மருந்து இருக்கா டாக்டர்?"

"இருந்தா முதல்ல என் பையனுக்குக் குடுத்திருப்பேன்."

வாலு அவர் சொன்னபடியே செய்தாள். உப்பு மடியில் ஏறி நாக்கை நீட்டினால் எழுந்து போனாள். நூலில் காகிதப் பந்து கட்டி இழுத்தாள். உப்பு பாய்ந்தது, உருண்டது, மேசைக்கு அடியில் போய் முட்டிக்கொண்டது. பிறகு திரும்பி வந்தது. மணிக்கட்டில் துணிக்கட்டு இருந்தது. ஒரு கணம் யோசித்துவிட்டு முழங்கையிலிருந்து தொடங்கியது.

சனிக்கிழமை மதியம் வீட்டில் அப்பாவின் குரல் கிளம்பியது.

"யார் பார்த்த வேலை இது?"

பட்டறைக் கதவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கதவின் அடியில் கோடு கோடாகக் கீறல்கள்.

அப்பா தச்சர். புது வீட்டின் கதவுகள் எல்லாம் அவர் கையால் செய்தவை. பழைய வீட்டில் ஒரே அறை; உள்ளே கதவே கிடையாது. "ஒருநாள் ஆளுக்கொரு கதவு போட்டுத் தரேன் பாருங்க" என்று அங்கே பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னபடியே போட்டார். முகம் தெரியும் அளவுக்குத் தேய்த்து மெருகேற்றினார்.

"என் கதவுலயும் இருக்குப்பா," என்றான் அண்ணன்.

"என் கதவுலயும்தான்," என்றாள் அம்மா. "நாளைக்கு சித்தி வந்துடுவா. இன்னும் ஒருநாள் பொறுத்துக்கோங்க."

வாலு தன் அறைக்கு ஓடினாள். கதவின் அடியில் விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. கதவு வழவழவென்று அவள் முகத்தைக் காட்டியது.

எல்லோர் கதவையும் கீறிய பூனை இதை ஏன் விட்டது?

அன்று சாயங்காலம் அவள் பாடம் எழுதவில்லை. சுவரோரமாக நின்று உப்புவைக் கவனித்தாள்.

உப்பு முதலில் பட்டறைக்குப் போனது. உள்ளே இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. கதவைப் பிறாண்டியது. காதைச் சாய்த்துக் காத்திருந்தது. யாரும் திறக்கவில்லை.

அடுத்து அம்மாவின் கதவு. அம்மா கடிகாரம் பழுது பார்ப்பவள். "போ, போ! உன் முடி ஒண்ணு விழுந்தா கடிகாரமே நின்னுடும்!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அடுத்து அண்ணன் கதவு. உள்ளே பாட்டு. அவன் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை.

கடைசியில் உப்பு வாலுவின் அறைக்குள் போனது. அந்தக் கதவைப் பிறாண்ட வேண்டியிருக்கவில்லை. அது திறந்தே இருந்தது.

அப்பா, அம்மா, அண்ணன், வாலு. இந்த வரிசை அவளுக்குத் தெரிந்த வரிசை.

பழைய வீடு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது. அறை முழுக்க ரப்பர் வாசனை. கீழே யாராவது மணியை அடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். விளக்கு ஒன்றே ஒன்று. இருட்டியதும் அதன் கீழே நீலக் கம்பளத்தை விரித்து நாலு பேரும் உட்காருவார்கள். வேறு எங்கே போய் உட்கார? அப்போது உப்பு சுற்றி வரும். அப்பாவின் குதிகாலில் நாலு நக்கு. அம்மாவின் முழங்கையில் நாலு. அண்ணன் காதில் நாலு. வாலுவின் மணிக்கட்டில் நாலு. பிறகு நடுவில் சுருண்டு படுத்துவிடும். யாருக்கும் எரிந்ததில்லை.

உப்பு மாறவே இல்லை. நாலு பேருக்கு உள்ளதை இப்போது ஒரே ஆளிடம் கொட்டிக்கொண்டிருந்தது.

வாலு பரண்மேல் ஏறினாள். இன்னும் பிரிக்காத பெட்டி ஒன்றிலிருந்து நீலக் கம்பளத்தை இழுத்து வந்து கூடத்தில் விரித்தாள். அதில் ரப்பர் வாசனை கொஞ்சம் மிச்சமிருந்தது.

பிறகு பட்டறைக்குப் போனாள்.

"அப்பா, மூணு மரத்துண்டு வேணும். ஒரு பக்கம் தடியா, ஒரு பக்கம் மெலிசா."

"எதுக்கு?"

"கதவுக்கு அடியில செருக. சாயங்காலம் மட்டும் கதவு மூடாம நிக்கணும்."

அப்பா இயந்திரத்தை நிறுத்தினார். "ஏம்மா, கதவு நல்லா இல்லையா?" குரல் சிறுத்துப் போயிருந்தது.

"ரொம்ப நல்லா இருக்குப்பா. உப்புவுக்குத்தான் திறக்கத் தெரியல." அவள் கீறல்களைக் காட்டினாள். "உங்க மூணு பேரையும் தேடி வருது. கதவு மூடியிருக்கு. அதான் எல்லாத்தையும் என்கிட்டயே தீர்த்துக்குது. என் கதவுல போய்ப் பாருங்க, ஒரு கீறல் இருக்காது. அது எப்பவும் திறந்திருக்கும்."

"நீ ஏன் மூடுறதில்ல?"

வாலு தரையில் கிடந்த மரத்தூளைக் காலால் தள்ளினாள்.

"மூடினா யாரோட குறட்டையும் கேக்கல."

அப்பா கையில் ஒட்டிய மரத்தூளைத் தட்டினார். அப்புறம் கேட்டார்: "என் குறட்டையா?"

"உங்களோடதுதான் பெரிசா இருக்கும்."

அப்பா ரம்பத்தை எடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் கம்பளத்தில் நாலு பேரும் இருந்தார்கள். அம்மா நெற்றியில் லென்ஸைத் தூக்கிவிட்டபடி வந்தாள். "பூனைக்காகக் கூட்டமா? வெளிய சொல்லிடாதீங்க," என்றான் அண்ணன்.

உப்பு கூடத்தின் வாசலில் வந்து நின்றது. நாலு பேரையும் பார்த்தது. வாலை உயர்த்திக்கொண்டு நேராக அப்பாவின் குதிகாலுக்குப் போனது.

"யம்மாடி!" அப்பா நெளிந்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

அடுத்து அம்மாவின் முழங்கை. அடுத்து அண்ணனின் காது.

"ஐயோ, காதுக்குள்ள நாக்கை விடுது!"

"அங்கதான் அதுக்கு வேலை ஜாஸ்தி," என்றாள் அம்மா.

கடைசியாக வாலு. உப்பு துணிக்கட்டை முகர்ந்தது. விரல் நுனியில் நாலு நக்கு. அவ்வளவுதான். நடுவில் போய்ச் சுருண்டு படுத்தது.

"சைக்கிள் கடைக்காரர் இன்னும் பாடிக்கிட்டேதான் பஞ்சர் ஒட்டுவாரா?" என்று அப்பா கேட்டார்.

"அவர் பாட்டைக் கேட்டுத்தான் பாதி டியூபுல காத்து இறங்கும்," என்றான் அண்ணன்.

வெகுநேரம் யாரும் எழுந்து போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சித்தி கூடையோடு வந்தாள். "எங்க என் எலிப் படைத் தளபதி?"

வாலு அம்மாவைப் பார்த்தாள். அம்மா கம்பளத்தில் உறங்கும் பூனையைப் பார்த்தாள்.

"இல்லடி... கொஞ்ச நாள் பார்க்கலாம்னு இருக்கோம்."

சித்தி கம்பளத்தில் உட்கார்ந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது. உப்பு ஒரு கண்ணைத் திறந்தது. எழுந்து போய் அந்தக் கையை நக்கத் தொடங்கியது. சித்தி அலறினாள்.

"அஞ்சாவது ஆளு," என்றான் அண்ணன்.

கூடை காலியாகவே திரும்பிப் போனது.

வாலுவின் மணிக்கட்டில் புதுத் தோல் வந்தது. உப்பு எப்போதாவது அளவு மீறினால் அவள் எழுந்து போய்விடுவாள். உப்பு அடுத்த ஆளிடம் போய்விடும்.

ஒரு சாயங்காலம் அப்பா கையில் உப்புத்தாளோடு பட்டறைக் கதவின் முன் உட்கார்ந்தார். கீறல்களைத் தேய்க்கப் போனார். ஒன்றை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். கம்பளத்தில் உட்கார்ந்து குதிகாலை நீட்டிக்கொண்டார்.